ஒன்பது பக்கம்

“ஆயிரத்து நூறு பக்கத்துல உங்க கண்ணுக்கு இந்த ஒன்பதுதான் உறுத்துச்சா?”

எழுத்தாளர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன.

எடிட்டர் அம்மாள் அசையவில்லை. பதிப்பகத்தில் அவளுக்குக் ‘கத்திரிக்கோல்’ என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளும் “என்ன?” என்று கேட்பாள்.

“ஏழு பாகத் தொடர் சார். முதல் பாகமே தலையணை கனத்துல வந்தா யார் தூக்கிப் படிப்பாங்க?”

“மந்திரவாதிங்க நூறு பக்கம் அடிச்சுக்கிறாங்களே, அங்க வெட்டுங்க! அரசனோட மகள் சாகுற இடத்துலயா கை வைப்பீங்க? அந்தச் சாவாலதான் அவன் வாளை எடுக்கிறான். ஏழு பாகமும் அதுமேலதான் நிக்குது!”

“‘மகளைப் பறிகொடுத்த அரசன் விடியுமுன் படை திரட்டினான்.’ இந்த ஒரு வரி போதும். படிக்கிறவங்களுக்குப் புரியும்.”

எழுத்தாளருக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது சின்னப் பசங்க படிக்கிற ராஜா ராணிக் கதை இல்ல மேடம். பெரியவங்களுக்கு எழுதினது. வலிக்கணும்! அந்தக் குழந்தை செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டு, ‘அப்பா, நானே போட்டுக்கிட்டேன்’னு சொல்லிட்டுக் குளத்துப் பக்கம் ஓடுதே... அந்த ஒரு இடத்துக்கே விருது கொடுப்பாங்க!”

“எல்லாம் கற்பனைதானா சார்?”

“பின்னே?” என்றவர், சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். “எழுத்துன்னாலே கற்பனைதானே.”

அவள் மேசைமேல் இருந்த நாவல் கட்டைப் புரட்டினாள். அத்தனை பக்கமும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி டைப் அடித்திருந்தது. அந்த ஒன்பது மட்டும் பேனாவால் எழுதியவை.

“இது மட்டும் ஏன் கையெழுத்துல இருக்கு?”

“வீட்டுக்காரிதான் எல்லாம் டைப் அடிப்பா. இந்த இடம் வந்தப்போ விரல் வலின்னு உக்காந்துட்டா. அடுத்த அத்தியாயத்துக்குச் சரியாப் போச்சு. ஏன், கையெழுத்து புரியலைன்னுதான் வெட்டினீங்களா?”

“நல்லாவே புரிஞ்சுது.”

“புரிஞ்சும் வெட்டினீங்கன்னா, நான் வேற பதிப்பகம் பார்த்துக்கிறேன்.”

மூன்று வருஷமாகப் பதிப்பகம் தள்ளாடுகிறது. முதலாளி இந்தத் தொடரைத்தான் மலைபோல நம்பியிருக்கிறார். இது கைநழுவினால் இவள் வேலையும் கூடவே போகும்.

அவள் கை மேசை இழுப்பறைக்குப் போனது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. எடுத்து நீட்டினால் மனுஷன் அடுத்த வார்த்தை பேசமாட்டார்.

கையை எடுத்துக்கொண்டாள்.

“தாராளமாப் பாருங்க சார். இங்க வரணும்னா அந்த ஒன்பது பக்கம் இல்லாமதான் வரும்.”

எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே நான்கு பதிப்பகங்கள் கையை விரித்துவிட்டன. அது இரண்டு பேருக்குமே தெரியும். கடைசியில் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

“உங்களுக்குப் பிள்ளைக்குட்டி கிடையாதுன்னு சொன்னாங்க. ஒரு குழந்தையோட சாவு உங்களுக்கு வெறும் பேப்பர் செலவுதானே? கல்நெஞ்சு மேடம் உங்களுக்கு!”

சுருக்கென்று தைத்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“இருக்கட்டும் சார். திருத்தின பிரதியை உங்க வீட்டுக்காரம்மாகிட்டயே கொடுங்க. அவங்களே டைப் அடிச்சு அனுப்பட்டும்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவர் காலடிச் சத்தம் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு, இழுப்பறையைத் திறந்தாள். கட்டு வந்த அன்றைக்கு, அந்த ஒன்பது பக்கத்துக்குப் பின்னால் நாலாக மடித்துச் செருகியிருந்த சீட்டு.

‘எடிட்டர் அம்மா, நான் இந்தச் சீட்டு எழுதினது என் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். எப்படியாவது இந்தப் பக்கங்களை எடுத்துடுங்க. டைப் அடிக்க உக்காந்தேன், முடியல. அந்தச் செருப்பு இன்னும் எங்க வீட்டு வாசல்லதான் இருக்கு.’