அறுபது கரடிகள்

மாத்திரையெல்லாம் வாந்தியாகப் போகிறதென்று, ஆறு மாசக் கர்ப்பிணி சிலம்பாயிக்கு அவள் தம்பி முத்தரசன் திருப்பூரிலிருந்து சத்து மிட்டாய் வாங்கி வந்தான். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம், பஸ்ஸில் இஞ்சினை ஒட்டிய சீட்டு. டப்பாவைத் திறந்தால் அறுபது கரடி மிட்டாய்களும் உருகி ஒரே சிவப்புக் கட்டியாகக் கிடந்தன. ஒரு காது மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை திங்கணும் மாப்ளே?” என்றான் அவள் புருஷன் வீரணன்.

“ஒண்ணு, மச்சான்.”

“அப்போ சரியாத்தான் இருக்கு. இன்னைக்கே முழுங்கச் சொல்லு. உங்க வீட்டுச் சீரு எது ரெண்டாம் நாளு வரைக்கும் வந்திருக்கு?”

முத்தரசன் தலையைக் குனிந்துகொண்டான். சிலம்பாயி டப்பாவை மூடித் தண்ணீர்ப் பானைக்குள் அமுக்கி, கட்டி இறுகும்வரை நின்றாள். பிறகு டப்பாவை அறுத்தெறிந்துவிட்டு, குவாரிக்குக் கொண்டுபோகிற உளியையும் சுத்தியலையும் எடுத்து உட்கார்ந்தாள். ஜல்லியை ஒரே அளவாக உடைத்துப் பழகிய கை. அடிக்கு ஒரு துண்டாக விழுந்துகொண்டே இருந்தது.

“போதும்டி, உளியைக் கொடு” என்றான் வீரணன். சிரிப்பு போயிருந்தது.

காது ஒட்டியிருந்த துண்டை அவள் வாயில் போட்டு, அவனைப் பார்த்தபடியே மென்றாள். வாந்தி வரவில்லை. உளியைக் கீழே வைக்கவும் இல்லை.