பாதிக் கறுப்பு

பிளீச் தண்ணீரிலிருந்து அதை வெளியே எடுத்தாள் எல்சா. சமையலறை முழுக்க அழுகிய முட்டை வாடை. கணவர் லூயிஸ் வருவதற்குள் செய்த காரியத்தின் தடம் தெரியாமல் போக வேண்டும்.

லூயிஸின் கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் அது. அவருடைய அப்பா சர்ச் பேண்டில் வாசித்த காலத்துச் சாமான். வேறு யாரும் தொடக் கூடாது. நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்கப் போகிறாரே என்று எல்சாதான் ஆசையாகக் கழுவினாள். கோத்தகிரிக் குளிருக்குப் பழகிய கை, கொதிக்கும் வெந்நீரை ஊற்றிவிட்டது. கன்னங்கரேலென்று இருந்த, கந்தகம் கலந்த கெட்டி ரப்பர், கண்ணெதிரே பாசி பிடித்த மாதிரி பச்சையாகிப் போனது.

கோவையில் வாத்தியம் பழுது பார்ப்பவரைப் போனில் பிடித்தாள். "இதுக்கு வெந்நி ஆகவே ஆகாதுங்க. பிளீச்சுல ஊற வெச்சு, நைஸ் உப்புத்தாள்ல தேச்சு, எண்ணெய் போடுங்க. கறுப்பு திரும்பிரும்" என்றார்.

தேய்த்தாள். ஒரு பாதி கறுத்துப் பளபளத்தது. மறுபாதியில் கை வைக்குமுன் கதவு திறந்தது.

பேக்டரியில் பல்பெல்லாம் மங்கல் என்ற வழக்கமான புலம்பலோடு, சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தார் லூயிஸ். கீழ் கோத்தகிரி தேயிலை பேக்டரியில் அவர் டீ மேக்கர். அரைத்த இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும் பதம் பார்த்து, டிரையருக்கு அள்ளச் சொல்வது அவர் வேலை. கொஞ்ச நாளாகத் தூள் சரியில்லை. இலை அள்ளும் ரேணுகா, அவர் சொன்ன நேரத்துக்கு அள்ளுவதில்லை என்று லூயிஸ் மேனேஜரிடம் சொல்ல, இன்று அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

சொல்லிக்கொண்டே மவுத்பீஸை எடுத்தார். ஜன்னலில் நல்ல வெயில். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரேல்னு தொடச்சு வெச்சிருக்கியே புள்ள. புதுசாட்டம் இருக்குது."

குத்திக் காட்டுகிறாரா? முகத்தில் கேலி இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஏனுங்க, தெரிஞ்சும் தெரியாத மாதிரி பேசாதீங்க. வெந்நி ஊத்தி நாந்தான் கெடுத்துட்டேன். இந்தப் பக்கம் பாருங்க, இன்னும் பச்சையாத்தான இருக்குது?"

லூயிஸ் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கறுத்த பக்கத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. ரேணுகா மேல தப்பில்ல எல்சா."