டாட்டா அக்கா நிறுத்தம்

போரூர் டிராம் பணிமனையில் வண்டி கழுவும் ரெஜினாவைச் செங்கல்பட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷமாக, கழுவி முடித்து வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கும் ஈரத் துடைப்பத்தை உயர்த்தி டாட்டா காட்டியவள். வெளியே நிறுத்தத்தில் நிற்கிறவர்களும் பதிலுக்குக் கையசைப்பார்கள்.

அந்த நகரத்து டிராம்கள், பயணிகள் பேச்சில் எந்தப் பெயர் அதிகம் அடிபடுகிறதோ அதையே நிறுத்தத்தின் பெயராக அறிவிக்கும். மணிக்கூண்டு அப்படித்தான் 'பால்கோவா கடை' ஆனது. பெரிய மேம்பாலம் 'மழைக்கு ஒதுங்குற இடம்' ஆனது.

அந்த வாரம் முழுக்க வண்டிகளில் ஒரே பேச்சு: "டாட்டா அக்கா போறாங்களாமே!"

கடைசி நாள் காலையில் வாசலுக்கு வந்த டிராம் உரக்கச் சொன்னது: "அடுத்த நிறுத்தம், டாட்டா அக்கா."

ரெஜினாவின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

மதியம் மேலாளர் குமரகுரு மூச்சிரைக்க ஓடிவந்தார். "மூட்டை கட்டாதீங்கம்மா, ஆர்டர் ரத்து!"

"எப்படி சார்?"

"நிறுத்தத்துக்குப் பேர் குடுத்த அடையாளத்தை இடம் மாத்தக் கூடாதுன்னு சட்டமாம்."

அவள் சிரித்து முடிப்பதற்குள் அவர் சேர்த்துச் சொன்னார்: "ஆனா இனிமே நீங்க லீவு போட்டா, ஒரு வாரம் முன்னாடியே ஊருக்கு அறிவிக்கணுமாம்."