மரத்துக்கு ஒரு சட்டை

"நாலாயிரத்து முன்னூத்தி அம்பது! எண்ணி வெச்சிட்டு மறு வேலையப் பாரு." மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினார் கொத்தனார்.

அந்தப் பக்கம் தையல்காரர் தன் பிளம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கக் கொத்தனாரிடம் அவர் வாங்கிய கைமாற்று. வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

"பள்ளிக்கூடம் திறக்கட்டும்ணே. யூனிஃபார்ம் காசு வந்ததும் மொத வேலை அதுதான்."

"அதுவரைக்கும், போன வருஷம் மாதிரி உன் மரத்துப் பூ என் முற்றத்துல விழக்கூடாது. உன் மரத்துத் தேனீ என் மரத்துல வந்து மொய்க்கக் கூடாது. ஆமா!"

இரண்டு மரமும் அப்போதுதான் மொட்டவிழத் தொடங்கியிருந்தன. கொத்தனாருக்குத் தன் மரத்தின் மேல் அத்தனை கர்வம். எதையும் வாய் திறந்து பாராட்டாத மாப்பிள்ளையே போன வருஷம் நாலு பழம் தின்றுவிட்டு, "அடுத்த தடவை அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வரேன் மாமா" என்றிருந்தார். சம்பந்திக்கு ஒரு கூடை என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

இத்தனைக்கும் இரண்டு கன்றும் ஒரே நாளில் வந்தவை. "வேற வேற ரகமா ஜோடியா வைங்க" என்றார் நாற்றுப் பண்ணைக்காரர். ரெண்டாக விற்கிற தந்திரம் என்று கொத்தனார் ஒன்றோடு நடையைக் கட்டினார். கூடப் போன தையல்காரர்தான் இளிச்சவாயனாட்டம் மற்றதை வாங்கினார். அதில் காய்ப்பதோ, வாயில் வைக்க முடியாத புளிப்பு.

மறுநாள் காலையில் பார்த்தால் தையல்காரரின் மரம் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. பழைய கொசுவலைகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, உச்சியிலிருந்து மாட்டி, அடியில் நாடாவால் முடிச்சும் போட்டிருந்தார்.

"கை வெக்க மறந்துட்டியேப்பா!" வயிறு வலிக்கச் சிரித்தார் கொத்தனார். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

பத்தாம் நாள் சிரிப்பு நின்றது. அவர் மரத்தில் பாதிப் பூ கொட்டியும் காம்பில் ஒரு பிஞ்சைக் காணோம்.

"சம்பந்திக்குக் கூடைய மட்டும் குடுத்தனுப்புங்க" என்றாள் மனைவி.

கொத்தனார் பண்ணைக்காரருக்குப் போன் போட்டார்.

"பக்கத்துல வேற ரகம் நிக்குதாங்க? இந்த மரம் தனியா நின்னா காய்க்காது. அந்தப் பூவோட மகரந்தத்தைத் தேனீ கொண்டாந்து சேர்க்கணும்."

கொத்தனார் மதிலுக்கு ஓடினார். மிச்சப் பூ இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது.

"தம்பி... அந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டேன்."

"கழட்டலாம்ணே." தையல்காரர் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "தைச்சது ஓசிதான். கழட்டத்தான் கூலி."

"எவ்வளவுப்பா?"

"நாலாயிரத்து முன்னூத்தி அம்பது."