பாறைகள் இருக்கிற படம்

கேரவன் ஜன்னல் வழியே மாலை வெயில் மேசைமேல் இருக்கும் இரண்டு புகைப்படங்களில் விழுகிறது. இரண்டிலும் ஒரே புல்வெளி. நாடோடி ரோமானிக் குடும்பமான அவர்களுடைய வண்டிகள் கோடைதோறும் தங்கிய இடம். சுவரில் ஒரு படத்துக்குத்தான் இடமிருக்கிறது. அப்பா சுத்தியலோடு குனிந்து பார்க்கிறார். தங்கை கெசியா எடுத்த படத்தில், வண்டிகள் நுழையாதபடி ஊர்க்காரர்கள் உருட்டிப் போட்ட பாறைகள் கிடக்கின்றன. அண்ணன் சாம்சன் எடுத்ததில் காலைப் பனிமூட்டமும் புல்லும் மட்டும்தான்.

"பாறையெல்லாம் எங்கடா?"

"அசிங்கமா இருந்துச்சுப்பா. கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்."

"அன்னிக்கே அழிச்சிருந்தா நாம அங்கயே தங்கியிருக்கலாமே, ராசா."

கெசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரை உறிஞ்சுகிறாள். சாம்சனால் அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பாறைகளுக்குப் பின்னால், அவர்கள் தீ மூட்டிய இடத்தில் மட்டும் புல் வட்டமாகக் கருத்து வளர்ந்திருக்கிறது. படம் எடுக்க அவனும் அங்கேதான் காலையெல்லாம் நின்றான்; இது கண்ணில் படவில்லை. அப்பா கெசியாவின் படத்தைச் சுவரில் மாட்ட ஆணியைத் தேடுகிறார். சாம்சன் அதைத் தன் உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொள்கிறான்.