பீரோவில் இருந்த சவரன்

நாணயக் கடை மதிப்பீட்டாளருக்கு வியர்த்துக் கொட்டியது. ராணி தலை போட்ட பழைய பிரிட்டிஷ் சவரனை விற்க வந்திருப்பவள் அவர் மனைவி. பீரோவிலிருந்த காசைப் போன வருஷமே அவளுக்குத் தெரியாமல் கடை முதலாளியிடம் விற்றுவிட்டு, அந்த இடத்தில் போலியை வைத்தவர் அவர்தான்.

அவர் காசைப் புரட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, முதலாளியே அதை வாங்கித் தராசில் வைத்தார்.

“அசல்தாம்மா.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால், எப்படி?

“பேங்க் லாக்கர்ல இருந்ததாச்சே,” என்றாள் மனைவி. “இவர் கைக்கு எட்டுற பீரோவுல ஆரம்பத்துலேர்ந்தே பித்தளைதான்.”

வீட்டுக் காசுதானே என்று, விற்ற அன்று அவர் எடைகூடப் போடவில்லை.

முதலாளி மதிப்பீட்டாளரைப் பார்த்தபடி பெட்டகத்தைத் திறந்தார். “உங்க வீட்டுச் சவரன்னு எனக்கு வித்தீங்களே, உங்க வார்த்தையை நம்பி அப்படியே வெச்சிருக்கேன். அதையும் எடை போட்டுடலாம்.”

மனைவி வாசலை அடைத்தாற்போல் நின்றாள்.

“எந்தச் சவரன்?”