ஏழாம் வகுப்புக்கு ஒரு மாவீரன்

“ஊரைக் கொளுத்தினவனைப் போய் மாபெரும் தலைவர்னு எழுதச் சொல்றீங்களே சார், உங்களுக்கே நியாயமா இருக்கா?”

பாடம் எழுதிய ஆசிரியையின் கேள்விக்குப் பதிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் அன்று அச்சுக்குப் போக வேண்டும். மற்ற பாடங்கள் எல்லாம் தயார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணிலிருந்து குதிரையேறிக் கிளம்பி, கண்ணில் பட்ட நாட்டையெல்லாம் பிடித்த அந்த மாவீரன் மட்டும் மேசையை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.

“கொளுத்தினார்னு ஏன் பாக்கறீங்க டீச்சர்? பழசு போனாத்தானே புதுசு கட்ட முடியும்? நகரச் சீரமைப்புன்னு பாருங்க.”

“உள்ளே ஆளுங்க இருந்தாங்க சார்.”

“குடிபெயர்ந்தாங்கன்னு போட்டுக்கலாம்.”

ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிந்த ஊர்களையும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களையும் பற்றிப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் மறைக்காமல் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத்தான் இந்த மனிதர் எடுக்கச் சொல்கிறார்.

“கைதிகளைக் கூட்டங்கூட்டமா வெட்டினானே, அது?”

“உடனடியா முடிவெடுக்கிற திறமை.”

“சொந்தப் படையே தண்ணியில்லாம பாலைவனத்துல செத்துச்சே?”

“எளிமை.”

“குடிச்சுட்டு உயிர் நண்பனையே குத்திக் கொன்னான் சார்.”

“வேண்டியவன் வேண்டாதவன்னு பாக்காத நடுநிலை. இதைவிட என்ன வேணும் ஒரு தலைவருக்கு?”

“அப்போ என் பேரை எடுத்துடுங்க.”

“தாராளமா. வேற ஒருத்தர் எழுதுவார். அவர் இவ்வளவு கேள்வி கேக்க மாட்டார்.”

ஆசிரியையின் மகளும் ஏழாம் வகுப்புதான். ‘எங்க அம்மா பேர் புத்தகத்துல வரப்போகுது’ என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள். பெயர் வராவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பொய்யை எழுதிவிட்டு மட்டும் எப்படி விழிப்பதாம்? கடைசியில் மகள்தான் ஜெயித்தாள்.

அந்தப் பக்கத்தை உருவிக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். வேறொரு தாளில், ‘இவரே ஒப்பற்ற மாபெரும் தலைவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழுகை முட்டியது. போயும் போயும் இந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

பதிப்பாளர் எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, கூடையில் கிடந்த பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

“அருமையான பக்கம் டீச்சர் இது. ஒரு எழுத்தைத் தொட மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?”

“இந்த நாட்டுப் புத்தகத்துலேருந்துதானே எடுக்கச் சொன்னேன்? அந்தப் பாவி கொளுத்தின ஊரெல்லாம் பக்கத்து நாட்டுல இருக்கு, அவங்க ஏழாம் வகுப்புக்கும் நாமதான் அச்சடிக்கிறோம். இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”